இம்யூனாலஜி (நோயெதிர்ப்பியல்) ஆய்வாளரின் வாழ்க்கை எப்படி இருக்கும்? சகாகுச்சியின் பாதையை வைத்து ஒரு பதில்

கேள்வி இது: "எம்.எஸ்சி. முடித்திருக்கிறேன். இம்யூனாலஜியில் பிஎச்.டி. செய்து கடைசிவரை ஆராய்ச்சியிலேயே இருக்க ஆசை. அந்த வாழ்க்கை உண்மையில் எப்படிப் போகும்? நிலையான பதவி கிடைக்க எத்தனை வருடம் ஆகும்? எந்தத் தலைப்பை எடுத்தால் பிழைக்கலாம்?"

பிஎச்.டி., போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி), உதவிப் பேராசிரியர், பேராசிரியர் என்று பதவிகளை வரிசையாகச் சொல்லிவிட்டுப் போகலாம். அந்த வரிசை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஒரு பதவிக்கும் அடுத்ததற்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் தெரியாது. அதனால் ஒரே ஒருவரின் பாதையை எடுத்து விவரமாகச் சொல்கிறேன். ஷிமோன் சகாகுச்சி. 2025-ல் மருத்துவ நோபல் பரிசை மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருடன் பகிர்ந்துகொண்ட ஜப்பானியர். பரிசுக்காக அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. உடலின் எதிர்ப்பு சக்தி தன் உடலையே தாக்காமல் எது அடக்கி வைக்கிறது என்ற, துறையே கைவிட்ட ஒரு கேள்வியை அவர் ஏறத்தாழ இருபது வருடம் சுமந்திருக்கிறார். அந்த இருபது வருடத்தில் ஊர் மாறியது, நாடு மாறியது, பதவி மாறியது, சம்பளம் கொடுத்தவர்கள் மாறினார்கள். கேள்வி மட்டும் மாறவில்லை. இந்தத் தொழிலை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

அவர் 1951-ல் ஷிகா மாகாணத்து நாகஹாமாவில், பிவா ஏரிப் பக்கம் பிறந்தவர். கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1976-ல் வெளியே வந்தார். அங்கேயே நோயியல் துறையில் மேற்படிப்பும் தொடங்கினார். கையில் மருத்துவப் பட்டம், பின்னால் கியோட்டோவின் பெயர். பேசாமல் இருந்திருந்தால் பாதை நேராகப் போயிருக்கும். அவரோ அந்த இடத்தை விட்டுவிட்டு நகோயாவிலுள்ள ஐச்சி புற்றுநோய் மையத்தின் ஆய்வு நிறுவனத்துக்கு ஆய்வு மாணவராகப் போய்ச் சேர்ந்தார். அவரை அங்கே இழுத்தது ஒரு பேப்பர், அதாவது ஓர் ஆய்வுக் கட்டுரை.

அந்தப் பேப்பரைப் புரிந்துகொள்ள 1961-க்குப் போக வேண்டும். அதுவரை தைமஸ் சுரப்பி எதற்கு இருக்கிறது என்றே தெளிவாகத் தெரியாது. லண்டனில் ஜாக் மில்லர் பிறந்த கையோடு சுண்டெலிக் குட்டிகளின் தைமஸை எடுத்துப் பார்த்தார். குட்டிகள் தேறவில்லை, தொற்றுகளுக்குப் பலியாயின, அடுத்த எலியின் தோலை ஒட்டினால்கூட உடல் அதை எதிர்க்கவில்லை. உடலின் எதிர்ப்பு சக்திக்குத் தைமஸ் அடிப்படை என்பது அதில் நிரூபணமானது. அங்கே முதிர்ச்சியடையும் நோயெதிர்ப்பு செல்லை நாம் இன்று டி செல் என்று சொல்வதில் உள்ள 'டி' அந்தத் தைமஸ்தான்.

1969-ல் ஐச்சியில் நிஷிசுகாவும் சகாகுராவும் அதே அறுவையைக் குட்டி பிறந்த மூன்றாம் நாளில் செய்தார்கள். எதிர்ப்பு சக்தி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான் என்று யாரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. பெண் எலிகள் வளர்ந்த பிறகு திறந்து பார்த்தால் சினைப்பைகள் அழிந்து போயிருந்தன. ஏழாம் நாளில் தைமஸை எடுத்தால் இப்படி ஆவதில்லை. மூன்றாம் நாளை ஒட்டிய அந்தச் சின்ன இடைவெளியில் மட்டும் ஆகிறது. தைமஸ் இல்லாததால் ஏதோ ஹார்மோன் கோளாறு உண்டாகிறது என்றுதான் முதலில் எண்ணினார்கள். பிறகுதான் எலியின் சொந்த நோயெதிர்ப்பு செல்களே சினைப்பையைத் தாக்கி அழித்திருக்கின்றன என்பது புரிந்தது.

இதிலுள்ள முரண்பாட்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள். எதிர்ப்பு செல்கள் முதிர்ச்சியடையும் உறுப்பை எடுத்தாயிற்று. எதிர்ப்பு குறைய வேண்டும். ஆனால் அது கூடி, தன் உடலையே தின்கிறது. அப்படியானால் தாக்கும் செல்களோடு, தாக்குதலை அடக்கும் ஏதோ ஒன்றும் தைமஸிலிருந்து வெளியே வருகிறது. மூன்றாம் நாளில் தாக்கும் செல்கள் வெளியே போய்விட்டன, அடக்குபவை இன்னும் கிளம்பவில்லை. இந்த ஊகத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருபத்தைந்து, இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் கியோட்டோவை விட்டு நகோயாவுக்கு ரயில் ஏறினார்.

அந்த அறுவையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இம்யூனாலஜி என்றதும் கம்ப்யூட்டர் திரையில் வண்ணப் புள்ளிகள் ஞாபகத்துக்கு வரலாம். மூன்று நாள் சுண்டெலிக் குட்டி இரண்டு கிராம் அளவுதான் இருக்கும், உடலில் முடி முளைத்திருக்காது. ஐஸில் வைத்துக் குளிரூட்டி மயங்க வைப்பார்கள். நுண்ணோக்கிக்குக் கீழே நெஞ்செலும்பின் மேல்பகுதியில் சின்னதாக வெட்டினால் உள்ளே இரண்டு வெள்ளை மடல்கள் தெரியும். நுனி மெலிந்த கண்ணாடிக் குழாயால் அவற்றை ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒரு துணுக்கு உள்ளே தங்கிவிட்டாலும் அந்த எலியின் முடிவு செல்லாது. கை கொஞ்சம் அழுத்தினால் குட்டி போய்விடும். எல்லாம் சரியாகச் செய்து, வெட்டை ஒட்டி, சூடேற்றித் தாயிடம் விட்டால், ரத்த வாடை பட்டுத் தாயே குட்டியைத் தின்றுவிடுவதும் உண்டு. தப்பிப் பிழைத்தவை வளர்ந்து பெரிதாகும்வரை வாரக்கணக்கில் காத்திருந்துதான் சினைப்பையை எடுத்துப் பார்க்க முடியும். ஒரே ஒரு கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் வர இவ்வளவு பாடு. இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா, பிடிக்காதா என்பதைப் பிஎச்.டி.க்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஆய்வாளர் வாழ்க்கையின் பெரும்பகுதி இதுதான்.

1982-ல் சகாகுச்சியும் நிஷிசுகாவும் இன்னொருவரும் சேர்ந்து எழுதிய பேப்பர்கள் வெளிவந்தன. தைமஸ் எடுத்த குட்டிக்கு நல்ல ஆரோக்கியமான எலியின் டி செல்களைச் செலுத்தினால் நோய் வருவதில்லை என்று அவை காட்டின. அடக்கும் செல் ஆரோக்கியமான உடலில் இருக்கிறது என்பதற்கு அது முதல் சாட்சி. 1983-ல் கியோட்டோ அவருக்கு முனைவர் பட்டம் கொடுத்தது. மருத்துவப் பட்டம் வாங்கி ஏழு வருடம் கழித்து.

1985-ல் அவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். எனக்கு அவர் வேலையில் மிகவும் பிடித்த கட்டம் இது. அறுவை செய்து நோய் உண்டாக்கும்வரை யாரும், "நீங்கள் எலியைக் காயப்படுத்தினீர்கள், அதனால் நோய் வந்தது" என்று சொல்லலாம். அதனால் அறுவையே இல்லாமல் செய்தார். ஆரோக்கியமான எலியின் டி செல்களை எடுத்தார். மேற்பரப்பில் ஒரு குறிப்பிட்ட புரதம் அதிகமாக உள்ளவற்றை மட்டும் நீக்கினார். மீதியை, பிறவியிலேயே தைமஸ் இல்லாத மொட்டை எலிக்குச் செலுத்தினார். அந்த எலிக்குப் பல உறுப்புகளில் தன்னெதிர்ப்பு நோய் வந்தது. நோயே இல்லாத, நன்றாக ஓடியாடும் எலியின் உடலுக்குள்ளேயே அதன் உறுப்புகளை அழிக்கக்கூடிய செல்கள் இருக்கின்றன, அவற்றை இன்னொரு கூட்டம் ஒவ்வொரு நாளும் அடக்கி வைத்திருக்கிறது என்பது இதன் பொருள். உங்கள் உடலிலும் என் உடலிலும் இதே நிலைதான்.

இவ்வளவு அழகான முடிவு வந்ததும் துறை அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டும். நேர்மாறாக, அவர் வாய் திறக்கவே தயங்க வேண்டிய காலம் அது.

எதிர்ப்பை அடக்கும் டி செல் என்ற கருத்தை அவருக்கு முன்பே ரிச்சர்ட் கெர்ஷன் முன்வைத்திருந்தார். கெர்ஷனும் கொண்டோவும் 1970-ல் எழுதிய பேப்பரிலிருந்து தொடங்கி, எழுபதுகள் முழுக்க அது இம்யூனாலஜியின் பரபரப்பான தலைப்பு. நூற்றுக்கணக்கான பேப்பர்கள் வந்தன. ஒரு செல் இன்னொன்றைத் தூண்டும், அது மூன்றாவதை அடக்கும் என்று படங்கள் நாளுக்கு நாள் சிக்கலாயின. இவற்றுக்கெல்லாம் அடையாளமாக ஐ-ஜே என்ற மூலக்கூறு ஒன்றைச் சொன்னார்கள். அதன் ஜீன் எலியின் 17-ஆவது குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருப்பதாக நம்பினார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த இடத்து டிஎன்ஏ-வைப் பிரித்துப் பார்த்தபோது அங்கே அப்படி ஒரு ஜீனுக்கு இடமே இல்லை. கெர்ஷன் 1983-ல் இறந்துபோனார். தலைப்பு அப்படியே சரிந்தது. 'அடக்கும் டி செல்' என்று பேசினாலே நிதி கொடுப்பவர்களும் பேப்பரை மதிப்பிடுபவர்களும் முகம் சுளிக்கும் நிலை வந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், "எந்தத் தலைப்பை எடுத்தால் பிழைக்கலாம்" என்று கேட்டீர்கள். 1978-ல் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், அடக்கும் டி செல்லை எடு, வேலை நிச்சயம் என்று பலரும் சொல்லியிருப்பார்கள். 1986-ல் கேட்டிருந்தால், அதைத் தவிர எதை வேண்டுமானாலும் எடு என்றிருப்பார்கள். எட்டே வருட இடைவெளி. ஒருவரின் பிஎச்.டி.யும் போஸ்ட்டாக்கும் முடியும் காலம். தலைப்பின் செல்வாக்கைப் பார்த்து நுழைபவர் வெளியே வரும்போது அந்தச் செல்வாக்கு இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சகாகுச்சி ஐ-ஜே பின்னால் போகவில்லை. அவர் கையில் இருந்தது மூன்றாம் நாள் எலி. மூலக்கூறு பொய்யாகலாம், எலிக்கு நோய் வந்தது பொய்யாகாது. யார் வேண்டுமானாலும் திரும்பச் செய்து பார்க்கலாம். அந்த உறுதிதான் அவரை நிற்க வைத்தது என்று நினைக்கிறேன்.

ஆனால் உறுதியால் மட்டும் எலிக்குத் தீனி போட முடியாது. 1983-க்குப் பிறகு அவர் அமெரிக்கா போனார். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் போஸ்ட்டாக், பிறகு ஸ்டான்ஃபோர்டு, பிறகு கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் உதவிப் பேராசிரியர். யாரும் தொட விரும்பாத தலைப்போடு ஒரு வெளிநாட்டு இளைஞர் அங்கே எப்படித் தாக்குப்பிடித்தார்? இங்கேதான் லூசில் மார்க்கி என்ற அம்மையார் வருகிறார். கென்டக்கி மாநிலத்தில் கேலுமெட் என்ற பந்தயக் குதிரைப் பண்ணையின் சொந்தக்காரர். அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் ஒரே ஆண்டில் வென்ற குதிரைகள் இரண்டை வளர்த்த பண்ணை அது: 1941-ல் விர்லவே, 1948-ல் சைட்டேஷன். 1982-ல் அவர் இறந்தபோது சொத்தை அடிப்படை மருத்துவ ஆராய்ச்சிக்கு எழுதி வைத்தார். பதினைந்து ஆண்டுக்குள் எல்லாவற்றையும் செலவழித்து அறக்கட்டளையை மூடிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அப்படியே மூடினார்கள். அந்தப் பணத்தில் இளம் ஆய்வாளர்களுக்கு ஓர் உதவித்தொகை வைத்தார்கள். போஸ்ட்டாக் காலத்தில் தொடங்கி, சொந்த ஆய்வகம் வைத்த முதல் வருடங்கள்வரை தொடரும் உதவி. சகாகுச்சி அதைப் பெற்றவர்களில் ஒருவர். ஏறக்குறைய எட்டு வருடம்.

இந்த உதவியில் முக்கியமானது தொகையின் அளவைவிட அதன் கால நீளம். வழக்கமான கிராண்ட் (ஆராய்ச்சி நிதி) மூன்று வருடம், ஐந்து வருடம். முடிவதற்கு ஒரு வருடம் முன்பே அடுத்ததற்கு எழுத வேண்டும், எழுதும்போது கையில் பேப்பர் இருக்க வேண்டும். ஓர் அறுவை, வாரக்கணக்கில் காத்திருப்பு, அப்புறம் இன்னொரு பரிசோதனை என்று போகும் வேலைக்கு அந்த அவசரம் ஒத்துவராது. அப்படிப்பட்ட நேரத்தில் தலைப்பை மாற்றச் சொல்லும் அழுத்தம் தானாக வரும். யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூட வேண்டாம். குதிரைப் பணம் அந்த அழுத்தத்தை எட்டு வருடம் தள்ளி வைத்தது. அவரைப் போலவே நல்ல கேள்வியோடு, நல்ல கையோடு, ஆனால் அப்படி ஒரு உதவி கிடைக்காமல் வேறு வேலைக்குப் போனவர்கள் கட்டாயம் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. விடாமுயற்சியைப் புகழ்ந்து எழுதும்போது இந்தப் பாதியை விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்றும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். அவர் மட்டுமே தனியாக நின்றார் என்பது கதைக்கு அழகு, ஆனால் முழு உண்மை அல்ல. ஆக்ஸ்ஃபோர்டில் டான் மேசனும் ஃபியோனா பௌரியும் பெரிய எலிகளை வைத்து 1990-ல் இதே திசையில் முடிவுகள் காட்டினார்கள். ஒரு வகை டி செல்லை மட்டும் செலுத்தினால் எலி நோயுற்று மெலிகிறது, மற்றதையும் சேர்த்தால் தப்பிக்கிறது. உலகத்தில் அங்கொருவர் இங்கொருவராக இந்தக் கேள்வி அணையாமல் இருந்தது.

1991-ல் சகாகுச்சி ஜப்பான் திரும்பினார். அப்போதும் பெரிய நாற்காலி எதுவும் காத்திருக்கவில்லை. தனி ஆய்வாளர்களுக்கான அரசு நிதித் திட்டம் ஒன்றின் கீழ் ரிக்கென் நிறுவனத்தில் வேலை. பிறகு டோக்கியோ பெருநகர முதுமையியல் நிறுவனத்தில் நோயெதிர்ப்பு நோயியல் பிரிவின் தலைவர். முதியவர்களைப் பற்றிய நிறுவனத்தில் குட்டி எலிக்காரருக்கு என்ன வேலை என்று தோன்றலாம். தைமஸ் வயதாக ஆகச் சுருங்கும் உறுப்பு, அதனால் பொருத்தமில்லாமல் இல்லை. ஆனாலும் ஆய்வாளர் வாழ்க்கையில் இது சகஜம். இடம் எங்கே இருக்கிறதோ அங்கே போக வேண்டும், உங்கள் கேள்வியை அந்த இடத்தின் மொழியில் சொல்லத் தெரிய வேண்டும்.

அங்கிருந்துதான் 1995 பேப்பர். 'ஜர்னல் ஆஃப் இம்யூனாலஜி'யில் வந்தது. முதல் ஆசிரியர் அவர், இரண்டாவது அவர் மனைவி நொரிகோ சகாகுச்சி. பத்து வருடமாக அவருக்கு இருந்த சிக்கல் என்னவென்றால், அடக்கும் செல்லைச் சுட்டிக்காட்ட நல்ல அடையாளம் இல்லை. 1985-ல் பயன்படுத்திய புரதம் ஏராளமான டி செல்களிலும் இருக்கும், அளவில்தான் வித்தியாசம். இப்போது சிடி25 என்ற புரதத்தைப் பிடித்தார். இது எலியின் சிடி4 வகை டி செல்களில் பத்தில் ஒன்றில்தான் இருக்கிறது. அதற்கு எதிரான ஆன்டிபாடியைச் சேர்த்து அந்தச் செல்களை மட்டும் அழித்துவிட்டு, மீதியை மொட்டை எலிக்குச் செலுத்தினார். தைராய்டு, வயிற்றுச் சுவர், உமிழ்நீர்ச் சுரப்பி, அட்ரீனல், சினைப்பை, மூட்டு என்று நோய்கள் வரிசையாக வந்தன. நீக்கிய செல்களைக் குறிப்பிட்ட காலத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் நோய் வரவில்லை. எவ்வளவு அதிகம் கொடுக்கிறோமோ அவ்வளவு பாதுகாப்பு.

இதற்கும் எதிர்ப்பு இருந்தது, அது நியாயமான எதிர்ப்பு. சிடி25 என்பது எந்த டி செல்லும் தூண்டப்பட்டால் மேலே காட்டும் புரதம். அதைத் தனி இனத்தின் அடையாளமாக எப்படி எடுப்பது? பதில் சொல்ல இன்னும் சில வருடங்கள் ஆயின. ஆனால் அடுத்த ஆண்டே, 1996-ல், அவருடைய குழு மூன்றாம் நாள் புதிரை முடித்துவைத்தது. சிடி25 உள்ள செல்கள் குட்டியின் உடலில் தென்படத் தொடங்குவதே கிட்டத்தட்ட மூன்றாம் நாளில்தான். அன்று தைமஸை எடுத்தால் அவை வெளியே வர வழியில்லை. அப்படி எடுத்த குட்டிக்கு அவற்றைச் செலுத்தினால் நோய் வரவில்லை. 1969-ல் ஐச்சியில் பார்த்தது ஏன் நடந்தது என்பதற்கு 27 வருடம் கழித்து விடை.

1998-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஈதன் ஷெவாக்கும் ஏஞ்சலா தார்ன்டனும் இதே செல்கள் சோதனைத் தட்டிலேயே மற்ற டி செல்களை அடக்குவதைக் காட்டினார்கள். சகாகுச்சியின் குழுவும் அதே ஆண்டில் காட்டியது. ஷெவாக் இந்தக் கருத்தை வெளிப்படையாகச் சந்தேகித்தவர். சந்தேகப்பட்டவரே தன் கையால் செய்து பார்த்து ஏற்றுக்கொண்டபோதுதான் துறை திரும்பியது. உங்கள் வேலையை நம்பாதவருக்கும் புரியும்படி, அவர் திரும்பச் செய்யும்படி எழுதுங்கள் என்று நான் மாணவர்களிடம் சொல்வதற்கு இதுதான் காரணம்.

1999-ல் கியோட்டோவில் பேராசிரியரானார். வயது 48. மருத்துவப் பட்டம் வாங்கி 23 வருடம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு இது ஒரு பதில். எல்லோருக்கும் இவ்வளவு ஆகாது, பலருக்கு முப்பதுகளின் நடுவில் நிலையான இடம் கிடைத்துவிடுகிறது. ஆனால் நோபல் வாங்கியவருக்கே இவ்வளவு ஆயிற்று என்பதை வீட்டில் கல்யாணப் பேச்சு எடுப்பவர்களிடம் சொல்லி வைக்கலாம்.

நோபலின் இன்னொரு பாதி பல்கலைக்கழகத்துக்கு வெளியே நடந்தது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் 1940-களில் கதிரியக்க ஆய்வுக்காக வளர்த்த எலிகளில் தானாகவே ஒரு மாற்றம் வந்தது. சில ஆண் குட்டிகள் செதில் செதிலான தோலோடு பிறந்து சில வாரங்களிலேயே செத்தன. அவற்றின் சொந்த டி செல்களே உடலைத் தாக்கின. இந்தக் கோளாறின் ஜீனைத் தேடிப் போனவர்கள் பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும். இருவரும் வேலை பார்த்தது வாஷிங்டன் மாநிலத்து பாத்தெல் என்ற ஊரில் ஒரு பயோடெக் கம்பெனியில். எக்ஸ் குரோமோசோமில் இடத்தைச் சுமார் ஐந்து லட்சம் எழுத்துகளாகக் குறுக்கினார்கள். அதில் இருபது ஜீன்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், கடைசியான இருபதாவதில் கோளாறைக் கண்டார்கள். 2001-ல் அதற்கு ஃபாக்ஸ்பி3 என்று பெயர் வைத்தார்கள். ஐபெக்ஸ் என்ற கொடிய பிறவி நோய் உள்ள ஆண் குழந்தைகளிலும் அதே ஜீன்தான் கெட்டிருந்தது.

2003-ல் இரண்டு பாதைகளும் சந்தித்தன. சகாகுச்சியின் ஆய்வகத்தில் ஹோரி, நொமுரா ஆகியோர் ஃபாக்ஸ்பி3 ஜீன்தான் இந்த அடக்கும் செல்களை, இன்றைய பெயரில் ஒழுங்குபடுத்தும் டி செல்களை, உருவாக்குகிறது என்று காட்டினார்கள். சாதாரண டி செல்லில் அந்த ஜீனைப் போட்டால் அதுவும் அடக்கத் தொடங்கியது. அதே ஆண்டில் அமெரிக்காவில் அலெக்சாண்டர் ருடென்ஸ்கியின் குழுவும் ராம்ஸ்டெல்லின் குழுவும் தனித்தனியாக அதே முடிவுக்கு வந்தன. சிடி25 பற்றிய பழைய எதிர்ப்புக்கு இனி இடமில்லை. அதே 2003-ல் நொரிகோ சகாகுச்சி முதல் ஆசிரியராக எழுதிய பேப்பர் ஒன்று 'நேச்சர்' இதழில் வந்தது. தானாகவே மூட்டுவாதம் வரும் எலி வகை ஒன்றைப் பற்றியது. அந்த வகைக்கு எஸ்கேஜி என்று பெயர். தம்பதியாக ஆய்வில் இருப்பது பற்றி யாரும் பேசுவதில்லை. இந்தக் கதையின் பல பேப்பர்களில் நொரிகோவின் பெயர் இருக்கிறது என்பதை மட்டுமாவது சொல்லிவிட வேண்டும்.

பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 2011-ல் ஒசாகா பல்கலைக்கழகம். 2015-ல் கெய்ர்ட்னர் விருது, 2017-ல் ராம்ஸ்டெல், ருடென்ஸ்கியோடு கிராஃபூர்ட் பரிசு, 2019-ல் ஜப்பானின் பண்பாட்டு விருது, 2025 அக்டோபர் 6-ல் நோபல் அறிவிப்பு. நோபல் வரும்போது வயது 74.

மூன்று நோபல்காரர்களில் ஒருவர்தான் பேராசிரியர். பிரன்கோ சியாட்டிலில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் திட்ட மேலாளராக இருக்கிறார். ராம்ஸ்டெல் இந்தச் செல்களையே மருந்தாக்க முயலும் சோனோமா கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர். "கடைசிவரை ஆராய்ச்சியிலேயே" என்று நீங்கள் எழுதியது பல்கலைக்கழகப் பதவியை மட்டும் மனதில் வைத்து என்றால், அதைக் கொஞ்சம் அகலப்படுத்திக்கொள்ளுங்கள். இருபது ஜீனையும் பொறுமையாகத் தேட ஒரு கம்பெனியால் முடிந்தது. அதே வேலைக்கு அந்த நாளில் எத்தனை பல்கலைக்கழக ஆய்வகங்களிடம் ஆளும் கருவியும் இருந்திருக்கும்?

தலைப்பு பற்றிக் கேட்டீர்கள். இன்று ஒழுங்குபடுத்தும் டி செல் நெரிசலான தலைப்பு. புற்றுநோய்க் கட்டிக்குள் இவற்றை எப்படி நீக்குவது, தன்னெதிர்ப்பு நோயிலும் மாற்று உறுப்பு பொருத்துவதிலும் எப்படிப் பெருக்குவது என்று உலகெங்கும் மருத்துவச் சோதனைகள் நடக்கின்றன. போக வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தலைப்பைப் பார்ப்பதற்கு முன் மூன்று விஷயங்களை விசாரியுங்கள். அந்தக் கைடு பத்து வருடமாக ஒரே கேள்வியைத் துரத்துகிறாரா, கிராண்டுக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கிறாரா? அங்கே எதிர்பாராத முடிவு வந்தால் அதைத் தூக்கிப்போடுகிறார்களா, திரும்பச் செய்து பார்க்கிறார்களா? நீங்கள் சேர்ந்து மூன்றாவது வருடத்தில் உங்கள் சம்பளம் எங்கிருந்து வரும்? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அங்கே இப்போது படிக்கும் மாணவர்களிடம் டீக்கடையில் கேட்டால் உண்மையைச் சொல்வார்கள்.

சகாகுச்சியிடம் மருத்துவப் பட்டம் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஆராய்ச்சி கைவிட்டால் மருத்துவராகப் பிழைக்க ஒரு வழி இருந்தது. எம்.எஸ்சி. படித்தவருக்கு அது இல்லை. அதனால் கையில் ஒரு தொழில்நுட்பத்தை மற்றவர்களைவிட நன்றாகக் கற்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை லேசர் ஒளியில் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு எண்ணுவது), ஒற்றைச் செல் ஆர்என்ஏ தரவைப் பகுத்தாய்வது, எலியில் நுண்ணிய அறுவை, இவற்றில் ஏதாவது ஒன்று. இரண்டு பதவிகளுக்கு நடுவிலுள்ள வெற்று மாதங்களில் அதுதான் உங்களை இன்னொரு ஆய்வகத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

சேர்வதற்கு முன் எதையாவது படிக்க வேண்டும் என்றால் 1995 பேப்பரில் தொடங்குங்கள். சுருக்கத்தைப் படித்துவிட்டு நேராக முடிவுகளைக் காட்டும் அட்டவணைகளுக்குப் போங்கள். எத்தனை எலியில் எத்தனைக்கு எந்த உறுப்பில் நோய் என்று எண்ணி எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு எலி, ஒரு காத்திருப்பு, கண்ணாடித் தகட்டில் ஒரு திசுத் துண்டு இருக்கிறது. பிறகு 1969 பேப்பரைத் தேடி எடுங்கள், மூன்றே பக்கம். அதன் ஆசிரியர்கள் முடிவை எப்படி விளக்க முயல்கிறார்கள் என்று பாருங்கள். அந்த விளக்கத்தில் உங்களுக்கு எங்கே திருப்தி வரவில்லையோ, அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிஎச்.டி. நேர்முகத் தேர்வில் "நீங்கள் படித்த ஒரு பேப்பரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்பார்கள். அங்கே அந்தக் கோட்டைப் பற்றிப் பேசுங்கள்.